புல் முடிந்த வழி

யாழ்ப்பாணத்திலே மலை இல்லை. கீரிமலை இருக்கிறதே எனச் சிலர் கூறக்கூடும். அது பெயரளவிலே மலை. போய்ப் பார்த்தால் கடலோரத்துக் கேணி. மலையே காணாத அந்த மண்ணிலே பிறந்த எனக்கு, மலையேறுவதிலும் காடு கடப்பதிலும் இத்துணைப் பித்து எவ்வாறு பிடித்தது என்று நண்பர் பலர் கேட்பதுண்டு. “பண்டிதருக்கு ஏடு போதாதோ? காடும் வேண்டுமோ?” என்று நகையாடுவாரும் உளர். அவர்களுக்கு நான் சொல்லும் விடை ஒன்றே: என்னைக் காட்டுக்கு அனுப்பியதே ஏடுதான்.

நடையிலே எனக்கு முதலாசிரியர் என் தந்தையார். வலிகாமத்திலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து செல்வச்சந்நிதிக்கு என்னை நடத்தியே அழைத்துச் செல்வார். நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் தொண்டைமானாற்றங் கரையை அடைந்துவிடலாம். தோளிலே ஒரு சால்வை முடிச்சு. அதனுள்ளே பனாட்டும் பொரிமாவும். வழிக்கென எடுத்துச் செல்லும் அவ்வுணவைப் பழையோர் ‘ஆற்றுணா’ என வழங்கினர் என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். ஆறு என்றால் வழி. நீர் செல்லும் வழியும் ஆறு. மனிதர் செல்லும் வழியும் ஆறு. அறத்தின் வழியும் ஆறு. மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் நிரம்ப நடந்தவர்களாகவே இருத்தல் வேண்டும்.

பண்டித வகுப்பிலே பத்துப்பாட்டுப் பாடமாயிற்று. அதன் இறுதிப் பாட்டு மலைபடுகடாம். 583 அடிகளைக் கொண்டது. நன்னன் என்னும் தலைவனைப் பெருங்கௌசிகனார் பாடியது. பரிசில் பெற்று மீள்கின்ற கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் வேறொரு கூத்தனைக் கண்டு, “நீயும் அவனிடம் செல், இவ்வழியே செல்” என ஆற்றுப்படுத்துவது அதன் பொருள். பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லுதல்தான் ஆற்றுப்படை. ஏனைய ஆற்றுப்படைகளிலும் வழி உண்டு. ஆயினும், மலைவழியின் இடர்களை இத்துணை நுணுக்கமாக எடுத்துரைப்பது இப்பாட்டுக்கே உரிய சிறப்பு. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியிலே உண்டு. ஆதலால் இருளில் நடவாது விடிந்தபின் செல்லுங்கள். தினைப்புனம் காப்போர் யானையை ஓட்டக் கவண்கல் எறிவர். மரங்களின் மறைவிலே ஒதுங்கிச் செல்லுங்கள். பாசி படர்ந்த இடத்திலே கால் வழுக்கும். மூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொண்டு கடவுங்கள். இவ்வாறு ஒவ்வோர் அடிக்கும் ஓர் எச்சரிக்கை.

இப்பாடத்தைச் சொல்லித் தந்த எங்கள் ஆசிரியர் ஒரு மலையிலேனும் ஏறியவரல்லர். எனினும், பாசி வழுக்கும் இடம் வந்ததும் மேசையின் விளிம்பை இறுகப் பற்றிக்கொள்வார். நாங்களும் எங்களை அறியாமல் வாங்கின் விளிம்பைப் பற்றிக்கொள்வோம்.

அவ்வறிவுரைகளுள் ஒன்று என் நெஞ்சிலே தைத்தது. வழி பலவாகப் பிரியும் இடங்களிலே, சென்ற வழி இதுவென்று பின்னே வரும் புதியவர் அறியும்படி, சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து இட்டுச் செல்லுங்கள் என்கிறான் அக்கூத்தன். கிளை பிரியும் வழிக்குப் பழந்தமிழிலே ‘கவலை’ என்று பெயர். மனத்திலே தோன்றும் கவலையும் அதுவே; இரண்டு வழிகளின் நடுவிலே நிற்பதைவிடப் பெரிய கவலை வேறு என்ன உண்டு? அக்கவலை தீரக் கல்வெட்டு வேண்டியதில்லை, காவலன் வேண்டியதில்லை, ஒரு பிடி புல்லை முடிந்துவிட்டாற் போதும். முடிந்தவன் யார் என்பது வருபவனுக்குத் தெரியாது. வருபவன் யார் என்பது முடிந்தவனுக்கும் தெரியாது.

அப்போது இதனை அழகிய செய்தி என்று மட்டுமே கண்டேன். அதன் பொருளை அறிந்தது 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவில்.

அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். மழை தூறிக்கொண்டிருந்தது. என் ஒரு தோளிலே புத்தகப் பை. மறு தோளிலே அம்மாவின் கை. நாவற்குழிப் பாலத்தை நெருங்க நெருங்க நடை என்பது இல்லாமற் போய், நிற்றலும் நகர்தலுமாயிற்று. சாதாரண நாளிலே சைக்கிளில் அரைமணி நேரம் கொள்ளாத தூரத்துக்கு ஓர் இரவு முழுவதும் போதவில்லை. செம்மணி வெளியிலே அம்மா சொன்னார்: “தம்பி, புத்தகத்தை விட்டிட்டு அரிசியைத் தூக்கு.” விட்டேன். தெருவோரத்திலே ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். பத்துப்பாட்டை மட்டும் சட்டைக்குள்ளே செருகிக்கொண்டேன். தந்தையாரோடு சந்நிதிக்குச் சென்ற காலத்திலே தோளில் இருந்ததும் மூட்டை. அன்று தோளில் இருந்ததும் மூட்டை. ஆனால், முன்னதை எடுக்கும்போது திரும்பி வர ஒரு வீடு இருந்தது.

சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு வீட்டுத் திண்ணையிலே இடம் கிடைத்தது. அவ்வீட்டார் எங்களை முன்பின் அறியாதவர்கள். சில நாள்களின் பின், ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே, ஈரத்தில் ஊறி உப்பியிருந்த அப்புத்தகத்தை விரித்து மலைபடுகடாத்தைப் படித்தேன். புல் முடியும் இடம் வந்ததும் மேலே படிக்க இயலவில்லை. அவ்விரவு முழுவதும் எனக்கு முன்னே சென்றவர்கள் திரும்பித் திரும்பிச் சொன்ன சொற்கள் காதிலே ஒலித்தன. “இதிலை பள்ளம் இருக்கு, பார்த்து.” “இடக்கைப் பக்கம் போங்கோ.” “அந்தக் கிணத்திலை தண்ணி அள்ளலாம்.” அச்சொற்கள் வாய்க்கு வாய் மாறிப் பின்னே சென்றுகொண்டிருந்தன. சொன்னவர்களின் முகத்தை இருளிலே நான் காணவில்லை. தமக்கே வழி தெரியாத மக்கள், பின்னே வருவோருக்கு வழி சொல்லிக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் ஏட்டிலே ஆற்றுப்படை படித்தவர்களல்லர்.

மறு ஆண்டிலே ஊர் மீண்டோம். ஆயினும், நடையிலே எனக்கிருந்த விருப்பம் மீளவில்லை. தோளிலே பையை மாட்டினால் அவ்விரவு முதுகிலே ஏறிக்கொள்ளும். பாடசாலைக்குச் சைக்கிளிலே சென்றேன். சந்நிதிக்கும் பேருந்திலே சென்றேன்.

2002 ஆம் ஆண்டிலே போர்நிறுத்தம் வந்தது. கண்டி வீதியும் திறந்தது. அடுத்த ஆண்டு மாசி மாதத்திலே உடனாசிரியர் நால்வர் சிவனொளிபாத மலைக்குப் புறப்பட்டபோது, மறுத்துப் பார்த்தும் விடாது என்னையும் இழுத்துச் சென்றனர். 2243 மீற்றர் உயரமான அம்மலைக்கு நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நள்ளிரவிலே ஏறத் தொடங்கினோம். கூட்டம், இருள், குளிர், எல்லார் கையிலும் பொதி. சிறிது தூரத்திலேயே எனக்கு மூச்சு முட்டியது. அது மலையின் மூச்சுமுட்டலன்று. செம்மணி வெளியின் மூச்சுமுட்டல். படியோரத்திலே அமர்ந்துவிட்டேன்.

அப்போது மேலிருந்து இறங்கி வந்த சிங்கள மூதாட்டி ஒருத்தி என்முன்னே நின்றாள். எண்பது வயதுக்குக் குறையாது. இறங்குவோர் ஏறுவோரைக் கருணை வேண்டிப் பாடி வாழ்த்துவது அம்மலையின் வழக்கம். அவள் பாடினாள்; பாடிவிட்டு, மடியிலிருந்து கருப்பட்டித் துண்டொன்றை எடுத்து என் கையிலே வைத்து, மேலே சுட்டிக் காட்டி ஏதோ சொன்னாள். என் சிங்களம் அரைகுறை. இன்னும் கொஞ்சத் தூரந்தான் என்று சொன்னதாக விளங்கிக்கொண்டேன். அது பொய். இன்னும் மூவாயிரம் படியேனும் இருந்தன. ஆனால், பெற்று மீள்கின்றவள் பெறச் செல்கின்றவனுக்குச் சொன்ன சொல் அது. நன்னனின் மலைவழியிலே கூத்தன் சொன்னதும் அதுவே. நாவற்குழி வழியிலே முகம் தெரியாதார் சொன்னதும் அதுவே. எழுந்து ஏறினேன். விடியற்காலையிலே மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே நீண்டு கிடந்ததைக் கண்டபோது, தோளிலே பை இருப்பதையே மறந்திருந்தேன்.

இந்த மலைவழி இவ்வாறு பலர்க்கும் பொதுவாயிருப்பது இன்று நேற்று உண்டானதன்று. 1344 ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்த இபுனு பதூதா என்னும் முஸ்லிம் யாத்திரிகர் இம்மலைக்குச் செல்ல விரும்பியபோது, அவருக்குப் பல்லக்கும், உணவு சுமக்கும் ஆள்களும் கொடுத்து, ஆண்டுதோறும் அங்கே சென்று பழகிய யோகியர் நால்வரையும் துணையாக அனுப்பியவன் தமிழ் மன்னனாகிய ஆரியச்சக்கரவர்த்தி. வழி அறிந்தோரைத் துணை சேர்த்து அனுப்பிய அச்செயலும் ஓர் ஆற்றுப்படையே என்பேன்.

அதன்பின் என் கால்கள் நிற்கவில்லை. இரத்தினபுரிப் பக்கத்து வழியிலே அட்டைக்கடி பட்டு மீண்டும் அம்மலைக்கு ஏறினேன். போர் முடிந்த பின்னர், உகந்தையிலிருந்து குமணைக் காட்டினூடாகக் கதிர்காமத்துக்கு நடந்தேன். காட்டுக்குள் நுழைவோர் இலைக்கொப்பொன்றை முறித்து மரக்கிளையிலே தொங்கவிட்டுப் பிள்ளையாரை வேண்டிச் செல்லும் வழக்கத்தை அங்கே கண்டேன். முன்சென்றவர் தொங்கவிட்ட கொப்பு வாடிக் கிடக்கும். அதன் அருகிலே நாங்கள் பச்சைக் கொப்பொன்றைத் தொங்கவிடுவோம். ஆளரவமற்ற காட்டிலே அந்த வாடிய இலைகள் தந்த துணிவு பெரிது.

இப்போது முழங்கால் ஒத்துழைக்க மறுக்கின்றது. ஆதலால் மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டு எளிய இடங்களுக்கே செல்கின்றேன். சில ஆண்டுகளின் முன் ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோம். மகாவலி, களனி, வளவை ஆகியவற்றின் தலைநீர் ஊறுகின்ற மேட்டுநிலம் அது. குறிஞ்சித்திணைக்கு முதல், கரு, உரி என்று பிழையின்றி ஒப்புவிக்கும் மாணாக்கர், குறிஞ்சிக்கு இனமான நெலுச் செடியின்முன் நின்று, “ஐயா, இதுவா?” என்று கேட்டனர். பல்லாண்டுக்கு ஒருமுறையே பூக்கும் அச்செடி அன்று பூக்கவில்லை. பூவாத செடியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வழி இரண்டாகப் பிரியும் இடம் வந்ததும், மாணவி ஒருத்தி குனிந்து புல்லைப் பற்றி முடியத் தொடங்கினாள். மலைபடுகடாம் அவளுக்கு அவ்வாண்டுப் பாடம். அங்கு நின்ற காவலர் விரைந்து வந்து தடுத்தார். 1988 முதல் தேசிய பூங்காவாகவும், 2010 முதல் உலக மரபுரிமையின் ஒரு பகுதியாகவும் விளங்கும் நிலம். அங்கே ஒரு புல்லையும் தொடலாகாது. வாயிலிலே நம் பையைத் திறந்து பொலித்தீனையும் அகற்றியே உள்ளே விடுகின்றார்கள். மாணவி நாணி என்னைப் பார்த்தாள். “அவர் சொல்வதும் மலைபடுகடாந்தான், பிள்ளை” என்றேன். “காடு பெரிதாயும் மனிதர் சிலராயும் இருந்த காலத்திலே புல்லை முடிந்து வைத்தது பின்வருவோர்க்கு உதவி. மனிதர் பலராய்க் காடு சிறுத்துவிட்ட இக்காலத்திலே, முடியாமல் விட்டுச் செல்வதே அவர்க்கு உதவி.”

பிள்ளைகள் முன்னே சென்றனர். நான் காலை இழுத்துக்கொண்டு பின்னே சென்றேன். சிறிது நேரத்திலே மூடுபனி இறங்கி எல்லாவற்றையும் மறைத்தது. முன்னாலே குரலும் கேட்கவில்லை. வழியும் இரண்டாகத் தோன்றியது. கவலை என்ற சொல்லின் இரு பொருளும் ஒருங்கே விளங்கும்படி நின்றேன். அருகே சென்று பார்த்தால், பனியின் நடுவிலே, வலப்பக்க வழியிலே, அதே மாணவி நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன் பிள்ளை நிற்கிறாய்?” என்று கேட்டேன்.

“புல்லை முடிய விடேல்லைத்தானே, ஐயா. அதுதான் நான் நிக்கிறன்” என்றாள்.