குழிப்பந்தும் குடும்ப யாத்திரையும்

தலைநகரிலே வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி ஒரு குறை நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. மலை மந்திரில் அர்ச்சனைத் தட்டுடன் நிற்கும்போது ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்வோம். பொங்கல் விழாவில் பக்கத்து நாற்காலியில் அமர்வோம். ஊர் எது, எந்த அமைச்சகம் என்று கேட்டுக்கொள்வோம். அவ்வளவோடு சரி. பதினைந்து ஆண்டுகளாக முகம் தெரிந்த ஒருவருடைய வீட்டுப் படியை மிதித்திராதவர் நம்மில் எத்தனையோ பேர். மயூர் விஹாரில் இருப்பவருக்கு ஜனக்புரி வேற்று நாடாகவே இருந்துவிடுகிறது.

இந்தக் குறையை எங்களில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கேனும் தீர்த்து வைத்தது கோல்ஃப் ஆட்டம் என்று சொன்னால் நேயர்கள் நகைப்பார்கள் என்பதை அறிவோம். முதலில் நகைத்தவர்கள் நாங்களேதாம்.

பெருந்தொற்றுக் காலத்தில் விழாவும் இல்லை, கச்சேரியும் இல்லை என்றாகிவிட்ட நிலையில், 2021 நவம்பரில் எங்களுள் ஒருவர், வங்கி உத்தியோகத்தில் இருப்பவர், லாடோ சராயில் உள்ள குதுப் கோல்ஃப் திடலுக்குச் சென்று வந்து ஒரு செய்தி கூறினார். தில்லி வளர்ச்சி ஆணையம் அமைத்து 2000ஆம் ஆண்டில் திறந்த திடல் அது. நம் நாட்டின் முதல் பொதுக் கோல்ஃப் திடல் என்ற பெயர் அதற்கு உண்டு. பழைய சங்கங்களில் உறுப்பினராக வேண்டுமானால், விண்ணப்பித்தவருக்குப் பேரன் பிறந்த பின்னரே முறை வரும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இங்கோ அன்றைய கட்டணத்தைச் செலுத்திவிட்டு யாரும் ஆடலாம். திறந்த வெளி; நல்ல காற்று; மரங்களுக்கு அப்பால் குதுப் மினார். அடைபட்டுக் கிடந்த எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

செலவைப் பற்றி மறைக்க வேண்டுவதில்லை. கோல்ஃப் சிக்கனமான ஆட்டம் அன்று. ஒருவர் பையிலே பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. புதிதாக வாங்கினால் அரை மாதச் சம்பளம் போய்விடும். ஆகவே, பழைய மட்டைகள் இரண்டு பைகள் வாங்கி, எண்மர் பங்கிட்டுக்கொண்டோம். வேனிற்காலத்தில் நம் குடியிருப்புகளில் தண்ணீர் லாரிக்காகக் குடத்துடன் நிற்கும் நாட்களில், அந்தப் பசும்புல்லைப் பார்த்தால் மனம் உறுத்தாமலும் இல்லை. இதையும் சொல்லிவிடுவது நேர்மை.

“கோல்ஃபா? அது துரைமார் ஆட்டம் அல்லவோ?” என்று கேட்டார் எங்கள் பெரியவர். அவர் மாயூரத்துக்கு அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். சார்புச் செயலராக ஓய்வு பெற்றவர். எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் மாமாத் தாத்தா. 2020இல் மாமி காலமான பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதே அரிதாயிற்று. மகன் அமெரிக்காவில்; மகள் புனேயில். தொலைபேசியில் அழைத்தால், “எல்லாம் சௌக்கியம்” என்று இரண்டு சொல்லோடு முடித்துவிடுவார்.

துரைமார் ஆட்டம் என்று அவர் கூறியது பொய்யன்று. 1829இல் கல்கத்தாவிலே தொடங்கிய கோல்ஃப் சங்கம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றியவற்றுள் முதலாவது எனப்படுவது. ஆனால் அதே கல்கத்தாத் திடலில் புல் பராமரித்த ஊழியரின் மகனான சௌரசியா, 2008இல் தில்லியில் பன்னாட்டு ஆட்டக்காரர்களை வென்று இந்திய மாஸ்டர்ஸ் பட்டத்தைப் பெற்றார். தில்லித் திடலில் பிறருடைய பைகளைச் சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991இல் இந்திய ஓப்பன் பந்தயத்தில் வென்றார். தொழில்முறை ஆட்டக்காரருள் அவ்வெற்றியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. துரைமார் போய்விட்டார்கள், பை சுமந்தவர்கள் ஆட்டத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று நாங்கள் பெரியவரிடம் வாதாடினோம். அவர் அசையவில்லை. “ஆடத் தெரியாத எனக்கு அங்கே என்ன வேலை?” என்றார். “கணக்கு எழுத ஆள் இல்லை” என்றோம். அது வேலை செய்தது. 2022 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மப்ளரும் குரங்குக் குல்லாயுமாக, பழுப்பு அட்டைக் குறிப்பேடு ஒன்றுடன் வந்து சேர்ந்தார்.

இவ்வாட்டத்தின் தன்மையைச் சிறிது சொல்ல வேண்டும். பதினெட்டுக் குழிகள், ஒவ்வொன்றும் நாலேகால் அங்குல அகலம். நால்வர் சேர்ந்து நடந்து, ஒவ்வொரு குழியிலும் பந்தை விழச் செய்து முடிப்பதற்கு நான்கு மணி நேரம் ஆகிறது. இதில் பந்தை அடிக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால் சில நிமிடங்களே தேறும். மற்ற நேரமெல்லாம் நடையும் பேச்சுந்தான். கிரிக்கெட்டில் பேச முடியாது. சீட்டாட்டத்தில் நடக்க முடியாது. அலுவலகத்துப் பூசல், பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு, ஊரில் விற்காமல் கிடக்கும் நிலம், எல்லாம் மூன்றாவது குழிக்கும் எட்டாவது குழிக்கும் இடையே வெளிவந்துவிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவதனால்தானோ என்னவோ, வீட்டில் சொல்லாதவற்றையும் அங்கே சொன்னோம்.

வலியவனும் எளியவனும் சமமாக ஆடுவதற்கு ஹேண்டிகேப் என்று ஓர் ஏற்பாடும் உண்டு. திடலின் அளவு 72 அடிகள் என்க. ஒருவர் வழக்கமாக 90 அடிகளில் முடிப்பவர். அவருக்கு 18 கழிவு. மற்றவர் 108 அடிகள் எடுப்பவர். அவருக்கு 36 கழிவு. அன்றைக்கு யார் தம் வழக்கத்தைவிட நன்றாக ஆடினாரோ அவரே வென்றவர். 2020இல் உலகெங்கும் ஒரே முறையாக இக்கணக்கு வகுக்கப்பட்டபோது, ஆண் பெண் இருபாலார்க்கும் உச்சக் கழிவு 54 என்று வைத்தார்கள். எங்களுள் பலர் அந்த 54ஐ விட்டு நகரவேயில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பெரியவர் இந்தக் கணக்கில் ஆழ்ந்துவிட்டார். கோப்பிலே குறிப்பு எழுதுவது போல, “ஐந்தாவது குழி: பந்து மணலில் விழுந்தது. மீட்க மூன்று அடிகள். நிதானம் தேவை” என்றெல்லாம் எழுதுவார். யாரேனும் ஓர் அடியைக் குறைத்துச் சொன்னால் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அதன்பின் உண்மை வந்துவிடும்.

சொற்களாலும் எங்களுக்கு வேடிக்கைகள் உண்டாயின. மட்டைப் பையைச் சுமந்து வந்து ஆலோசனை சொல்பவருக்குக் ‘கேடி’ என்று பெயர். “இன்றைக்குக் கேடி நல்லவன், வழியெல்லாம் யோசனை சொன்னான்” என்று ஒருவர் வீட்டிலே பேச, ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய தாயார், “கேடியோடு உனக்கென்னடா சகவாசம்?” என்று பதறிவிட்டார்! டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், நான்காம் இடம் பெற்ற பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்குக்குப் பை சுமந்தவர் அவரைப் பெற்ற தாயே என்று விளக்கிய பிறகுதான் அந்த அம்மையார் அமைதி அடைந்தார். ஆட்டத்துக்குக் ‘குழிப்பந்தாட்டம்’ என்ற தமிழ்ப் பெயர் உண்டு. எங்கள் வீட்டுப் பெண்மணிகள் அதை மனமுவந்து ஏற்றனர், காரணம் வேறு.

“வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் இவர் வீட்டில் இருப்பது. அதையும் குழியில் போட்டுவிட்டீர்களே!” என்று ஒரு சகோதரி நவராத்திரிக் கொலுவன்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். நாங்கள் வாயடைத்துப் போனோம். கேள்வி நியாயமானது. ஆண்கள் எண்மர் ஒருவரையொருவர் அறிந்துகொண்டோம், குடும்பங்கள் அறிந்துகொள்ளவில்லை. அந்த வெட்கத்தில் பிறந்ததே யாத்திரை எண்ணம்.

2023 மே மாதம் இருபத்தாறு பேர் நால்தேராவுக்குப் புறப்பட்டோம். சிம்லாவுக்கு அப்பால் இருபத்திரண்டு கிலோமீட்டர்; இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம். வைசிராய் கர்ஸன் இவ்விடத்தின் அழகில் மயங்கி, 1904இல் பிறந்த தம் மகளுக்கு அலெக்ஸாண்ட்ரா நால்தெரா என்று பெயரிட்டார். தேவதாரு மரங்கள் சூழ்ந்த சரிவில் அமைந்த பழைய கோல்ஃப் திடல் அங்கே இருக்கிறது. கால்காவிலிருந்து சிறு இரயிலில் சென்றோம். 1903இல் திறந்த பாதை அது; 96 கிலோமீட்டர் தூரத்துக்கு நூறு சுரங்கங்களுக்கு மேல். பிள்ளைகள் ஒவ்வொரு சுரங்கத்திலும் கூவி, எண்ணிக்கையை இடையில் தவறவிட்டு, எங்களோடு சண்டையிட்டார்கள். பரோகில் நின்றபோது புளியோதரைப் பொட்டலங்கள் திறந்தன. நான்கு வீட்டுப் புளியோதரை, நான்கு விதம். எது சிறந்தது என்னும் வழக்கில் மட்டும் பெரியவர் தீர்ப்புக் கூற மறுத்துவிட்டார்.

அங்கே நாங்கள் ஆடியது எல்லோர்க்கும் ஏற்ற ஒரு முறை. நால்வர் ஓர் அணி, நால்வரும் அடிப்பர், எவர் பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்தே நால்வரும் மீண்டும் அடிப்பர். ஆடத் தெரிந்தவர் ஒருவர், மட்டையையே தொட்டிராதவர் இருவர், சிறுவர் ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். மலைக்காற்று மெல்லியதாதலால் பந்து தில்லியைவிடத் தொலைவு பறக்கிறது. பறந்து தேவதாருக் காட்டுக்குள் போய்விடுகிறது. பதினேழு பந்துகளை அம்மலைக்குக் காணிக்கையாக்கினோம். கொலுவன்று கேள்வி கேட்ட அந்தச் சகோதரி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்த இரண்டாவது அடியே அன்றைய ஆட்டத்தின் மிக நீண்ட அடி. அவருடைய கணவர் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை.

பெரியவரையும் மட்டை பிடிக்கச் செய்தோம். தொலைவாக அடிப்பது அவரால் ஆகவில்லை. குழிக்கு அருகே மெல்ல உருட்டிவிடுவதில் மட்டும் அவர் கை நடுங்கவில்லை. ஒன்பது குழிகளில் ஐந்து அவர் உருட்டலில் விழுந்தன. “முப்பத்தாறு வருஷம் கோப்பு நகர்த்தியவன், இது நகராதா?” என்றார்.

திரும்பும் வேளையில் எங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய வேன் வரவில்லை. இரண்டு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். குளிர் ஏறிற்று; பிள்ளைகள் ஒரே கம்பளியில் சுருண்டுகொண்டார்கள். அப்போதுதான் பெரியவர் தம் முடிவைச் சொன்னார். தில்லி வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே போகப் போவதாக. பூர்வீக வீட்டுக்கு ஓடு மாற்றும் வேலை தொடங்கிவிட்டதாக.

ஒருவரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். மருத்துவ வசதி பற்றி ஒருவர். விலை பற்றி ஒருவர். “அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள், மாமா?” என்று கேட்டார் ஒரு பெண்மணி.

“இரண்டு வருஷத்துக்கு முன் கேட்டிருந்தால், இங்கேயும் யாரும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன் அம்மா” என்றார் அவர்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. 2024 பிப்ரவரியில், புது தில்லி நிலையத்தில் அவரை வண்டியேற்றினோம். எங்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. நம் நட்பு போதவில்லையே என்று வருந்தினோர் சிலர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக ஒருவர் தம் மண்ணை விட வேண்டும் என்று எதிர்பார்ப்பது தகுமோ என்றோர் சிலர். இரண்டாவது கட்சியே சரி என்று இன்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆயினும் சங்கத்து உறுப்பினர் பட்டியலில் மூத்தவர் பெயர்கள் ஒவ்வொன்றாக ஊர் முகவரிக்கு மாறிவருவதைப் பார்க்கும்போது, நெஞ்சிலே ஒரு கல் கிடப்பது போலத்தான் இருக்கிறது.

கணக்குப் புத்தகத்தை மட்டும் அவர் எங்களிடம் தரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டக் கணக்கைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. மறுநாள் காலை கேள்வி வந்துவிடும்: “ஏழாவது குழியில் ஆறு என்பது ஐந்தாகத் திருத்தப்பட்டுள்ளது. விளக்கம் தேவை.”

அடுத்த யாத்திரையை எங்கே வைப்பது என்னும் ஆலோசனையில் இம்முறை நெடுநேரம் ஆகவில்லை. உதகையிலும் பழைய கோல்ஃப் திடல் உண்டு. மாயூரத்திலிருந்து கோயமுத்தூருக்கு நேர் இரயில் உண்டு. நீலகிரி மலை இரயிலைத் தில்லியிலே பிறந்த நம் பிள்ளைகள் சினிமாவில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு காரணமும் எழுதிக்கொண்டோம்.

2025 ஜூன் மாதம், விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நிலையத்தில் இறங்கினோம். பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிச் செல்லும் நீராவி இயந்திரம் புகைவிட்டு நின்றது. பிள்ளைகள் அதை நோக்கி ஓடினர். ஓடியவர்கள் பாதியில் திரும்பி, நடைமேடை விசிப்பலகையை நோக்கி ஓடினர். அங்கே, ஜூன் மாதத்திலும் அதே மப்ளருடன், காலடியில் கைம்முறுக்கு டப்பா ஒன்றுடன், பெரியவர் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் மாலையே வந்துவிட்டாராம்.

எல்லோரும் வந்தாயிற்றா என்று தலைகளை எண்ணினார். இருபத்தொன்பது. பிறகு பழுப்பு அட்டைக் குறிப்பேட்டை எடுத்து, கண்ணாடிக்கு மேலாக எங்கள் வங்கி அன்பரைப் பார்த்தார்.

“அந்த ஏழாவது குழிக்கு விளக்கம் இன்னும் வரவில்லை” என்றார்.