1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் 931 ஜிபிதான் காட்டுகிறது... மீதி எங்கே?

ஸ்ரீரங்கத்தில் முகூர்த்த நாள் நெருங்கினால், கல்யாண வீடியோ எடுப்பவர்கள் திருச்சிக்கு வந்து புது ஹார்ட் டிஸ்க் வாங்குவது வழக்கம். பெட்டியில் 1 டிபி என்று இருக்கும். கம்ப்யூட்டரில் மாட்டினால் 931 ஜிபி. "அண்ணே, 1000 ஜிபிக்குக் காசு வாங்கிட்டு 931 குடுத்திருக்கீங்களே?" என்று கடைக்காரரிடம் சண்டை தொடங்கிவிடும். உண்மையில் யார் ஏமாற்றுகிறார்கள்?

இந்த விஷயத்தில் யாரும் இல்லை. அளவு குறையவில்லை, அளக்கும் கைதான் மாறுகிறது.

முழக் கணக்கு

ஸ்ரீரங்கம் கோயில் வாசலில் பூ வாங்குபவர்களுக்கு இது எளிதில் புரியும். பூக்காரம்மா தன் கையால் இரண்டு முழம் அளந்து கொடுப்பார். நீளமான கை உள்ளவர் வீட்டில் அளந்தால் இரண்டு முழம் வராது. பூ ஒரு இணுக்குகூடக் குறையவில்லை. ஆனால், இரண்டு பேருமே தங்கள் அளவை 'முழம்' என்றே சொல்கிறார்கள். குழப்பம் அங்கேதான்.

ஹார்ட் டிஸ்க் தயாரிப்பாளர்கள் கிலோ என்றால் 1,000 என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிலோமீட்டர், கிலோகிராம் கணக்கும் அதுதான். அதன்படி 1 ஜிபி என்பது 100 கோடி பைட். 1 டிபி என்பது 1 லட்சம் கோடி பைட்.

கம்ப்யூட்டரோ 0, 1 என்ற இரண்டே எண்களில் இயங்குவது. இரண்டை 10 முறை பெருக்கினால் 1,024. ஆயிரத்துக்கு நெருக்கமாக இருந்ததால் அதையே 'கிலோ' என்று அழைக்கும் பழக்கம் வந்தது. விண்டோஸ் இன்றும் இந்தக் கணக்கில்தான் காட்டுகிறது. அதற்கு 1 ஜிபி என்பது 107,37,41,824 பைட். 1 லட்சம் கோடியை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 931 வரும்.

அளவு கூடக்கூட வித்தியாசமும் கூடும். 500 ஜிபி வாங்கினால் 465 ஜிபி காட்டும். 2 டிபி வாங்கினால் 1.81 டிபி.

கோர்ட் வரை போன கணக்கு

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 1,024 கணக்குக்கு மெபிபைட், டெபிபைட் போன்ற தனிப் பெயர்களை 1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் அறிவித்தது. பேச்சு வழக்கில் அவை நிலைக்கவில்லை. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2007-ல் சீகேட் நிறுவனம், தகுதியுள்ளவர்களுக்கு 5 சதவீதத் தொகை அல்லது இலவச மென்பொருள் தர சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. ஆப்பிள் 2009-ல் மேக் கம்ப்யூட்டர்களை 1,000 கணக்குக்கு மாற்றிவிட்டது. அதனால் அதே டிஸ்க்கை மேக்கில் மாட்டினால் 1 டிபி என்றே காட்டும்.

எப்படிச் சரிபார்ப்பது?

விண்டோஸில் டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். ஜிபி கணக்குக்குப் பக்கத்திலேயே மொத்த பைட்டும் இருக்கும். அது 1 லட்சம் கோடியை ஒட்டி இருந்தால் கடைக்காரர் மேல் தப்பில்லை.

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. அடிமாட்டு விலைக்கு '2 டிபி பென் டிரைவ்' என்று விற்கப்படும் போலிகளில், உள்ளே இருக்கும் சிப் பொய்க் கணக்கு சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் அதை நம்பி 1.81 டிபி என்றே காட்டும். உண்மையில் உள்ளே இருப்பது சில ஜிபிதான். அது நிரம்பியதும், புதிதாகப் போடும் வீடியோ பெயரளவுக்கு இருக்கும், திறக்காது. தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியுமா?

எனவே, புது டிரைவை எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளால் சோதித்துவிடுவது நல்லது. அது டிரைவ் முழுவதும் தகவலை எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். அதில் தேறிய பிறகே வேறு மெமரி கார்டில் இருப்பதை அழியுங்கள்.

931 காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். சரியான எண்ணைக் காட்டுகிறதே என்று நம்பியும் விட வேண்டாம்.