காரைப் பறக்கவிட்ட சிறு மேடு

மாணவர்களே, 2019 செப்டம்பர் 7ஆம் நாள். இத்தாலியின் மொன்சா பந்தயத் தடத்தில் இளம் ஓட்டுநர்களுக்கான பார்முலா 3 போட்டி நடந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 19 வயது அலெக்ஸ் பெரோனியின் கார், பரபோலிக்கா வளைவின் முடிவில் தடத்தின் ஓரத்தைத் தாண்டியது. அடுத்த கணம் அது தரையில் இல்லை! காற்றில் எழும்பிச் சுழன்று, தடுப்பின் மேல் போய் விழுந்தது.

பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். ஆனால், பெரோனி காரிலிருந்து வெளியே வந்து நடந்தார். முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டிருந்தாலும் உயிர் தப்பினார்.

காரைத் தூக்கியது எது? ஓட்டுநர்கள் தடத்தை விட்டு விலகாமல் இருக்க ஓரத்தில் போடப்பட்ட ஓர் உருண்டையான சிறு மேடுதான். வேகமாக வரும் கார் மேட்டை அழுத்த, மேடும் காரை மேல்நோக்கித் தள்ளியது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. பந்தயக் காரின் இறக்கைகள் காற்றின் உதவியால் காரைத் தரையோடு அழுத்துபவை. முன்பகுதி மேலே எழுந்துவிட்டாலோ, காற்று அடியில் புகுந்து காரைத் தூக்கத் தொடங்கும்.

இனி, மோதலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 70 கிலோகிராம் எடையுள்ள ஓட்டுநர் மணிக்கு 200 கிலோமீட்டர், அதாவது வினாடிக்குச் சுமார் 56 மீட்டர் வேகத்தில் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 0.1 வினாடியில் நின்றால், உடலைத் தாக்கும் சராசரி விசை ஏறத்தாழ 39,000 நியூட்டன். அதுவே 0.5 வினாடியில் நின்றால் ஏறத்தாழ 7,800 நியூட்டன்தான். நேரம் ஐந்து மடங்கு கூடினால், விசை ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. காரின் மூக்குப் பகுதி நொறுங்குவதும், டயர் தடுப்புகள் அமுங்குவதும் இதற்காகத்தான். அவை ஓட்டுநருக்குக் கூடுதல் நேரம் வாங்கித் தருகின்றன.

ஆனால், தலையைச் சுற்றி எதுவும் நொறுங்கக் கூடாது. அதற்குத்தான் 'ஹாலோ' எனப்படும் டைட்டானியம் வளையம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே மூன்று இடங்களில் பொருத்தப்படும் இதன் எடை சுமார் 7 கிலோகிராம். பார்முலா 1 காரின் ஹாலோ ஏறத்தாழ 12 டன் பாரத்தைத் தாங்க வேண்டும். அங்கு 2018இல் கட்டாயமான ஹாலோ, பார்முலா 3க்கு 2019இல்தான் வந்தது. பெரோனியின் விபத்து நடந்ததும் அதே ஆண்டில்தான்!

விபத்துக்குப் பிறகு அந்த மேடு அகற்றப்பட்டது. பாதுகாப்புக்காக வைத்த பொருளே ஆபத்தாகலாம் என்பதை அது உணர்த்தியது. பெரோனி 2020இல் அதே தொடருக்குத் திரும்பி, முதல் மூன்று இடங்களுக்குள் வந்து பரிசு மேடையிலும் ஏறினார்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மோட்டார் சைக்கிளில் போகும்போது நாம் அணியும் தலைக்கவசத்திலும் இதே இரு வேலைகள் நடக்கின்றன. வெளி ஓடு அடியைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நசுங்கி நேரம் வாங்கித் தருகிறது. ஒருமுறை நசுங்கிய நுரைப்பஞ்சு மறுமுறை அப்படி உதவாது. ஆகவே, விபத்தில் அடிபட்ட தலைக்கவசம் வெளியே புதிதுபோல் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். வாரை மாட்டவும் மறவாதீர்கள். கழன்று விழும் கவசத்தால் யாருக்கும் பயனில்லை.