கடலடியை அறிதல்

1991-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி பாரஸீக வளைகுடாவில் ‘டிரிபோலி’, ‘பிரின்ஸ்டன்’ என்ற இரண்டு அமெரிக்க யுத்தக் கப்பல்கள் சில மணி நேரத்திற்குள் கண்ணிவெடிகளுக்கு இலக்காயின. இவற்றுள் ‘டிரிபோலி’ கண்ணிகளை அகற்றும் வேலையிலேயே ஈடுபட்டிருந்த கப்பல் என்பது கவனிக்கத்தக்கது. ‘பிரின்ஸ்டனை’ முடக்கியதோ, கடலடியில் கிடக்கும் ‘மாண்டா’ என்னும் சிறு கண்ணி.

இத்தகைய கண்ணியைத் தேடுவதற்கு, ஒலியை அனுப்பி எதிரொலியை ஆராயும் ஸோனார் கருவியே முக்கிய சாதனம். ஆனால் பாறைத் தரையில் கண்ணிக்கும் கல்லுக்கும் பேதம் காண்பது அரிது. மிருதுவான சேற்றில் கண்ணி புதைந்து மறையும். நீரின் உஷ்ணமும் உப்பும் மாறினால் ஒலி செல்லும் வழியே வளையும். ஆகவே, கருவி மட்டும் போதாது. கடலடியின் இயல்பைப் பற்றிய அறிவும் வேண்டும்.

சமாதான காலத்திலேயே துறைமுக வழிகளை அளந்து, அங்குள்ள கற்களைப் படத்தில் குறித்து வைத்தால், பின்னர் புதிதாகத் தோன்றும் பொருள்களை மட்டும் சோதித்தால் போதும். மணல் இடம் பெயர்வதால், அப்படத்தை அடிக்கடி புதுப்பித்தலும் அவசியம். யுத்தம் மூண்ட பிறகு இதற்கெல்லாம் அவகாசம் ஏது? இச்செலவை வீண் என்று கருதும் அரசாங்கம், மிச்சம் பிடித்த பணத்திற்கு மாலுமிகளின் உயிரை ஈடு வைக்கிறது என்றே நாம் சொல்லுவோம்.