டிக்கெட் ஃப்ரீ, ஆனா ஏறுறது எப்படி?

இன்னைக்குப் பேசப்போறது டவுன் பஸ் பத்தி. நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட தனியா ஏறாத டவுன் பஸ்.

நான் இருக்கிறது திருச்சி கைலாசபுரம், பெல் டவுன்ஷிப். வீட்டுல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் வீல்சேர்ல நானே போயிடுவேன். பிரச்சினை பஸ் வந்து நின்னதும்தான் ஆரம்பிக்கும்.

போன வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு இன்டர்வியூ. அன்னைக்குன்னு பார்த்து ஆட்டோ கிடைக்கல. பஸ்ஸையே முயற்சி பண்ணலாம்னு ஸ்டாப்புல நின்னேன். கண்டக்டர் இறங்கி வந்து, "ஏம்மா, ரெண்டு பேரா சேர்ந்து தூக்கி ஏத்திடவா?"ன்னு கேட்டார். நல்ல மனசு, சந்தேகமே இல்ல. ஆனா முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேர் என் அக்குள்ல கை கொடுத்துத் தூக்கணும். வீல்சேரை எங்க வைக்கிறது? இறங்கும்போது யாரைக் கூப்பிடுறது? "பரவாயில்லண்ணா, நீங்க கிளம்புங்க"ன்னுட்டேன். அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஒரு ஆட்டோ வந்துச்சு.

லேட்டாப் போயும் வேலை கிடைச்சுது. ஆனா நான் சேரல. சம்பளம் 16,000 ரூபாய். ஆட்டோவுக்குப் போக வர ஒரு நாளைக்கு 600. மாசம் 25 நாள்னா 15,000. கணக்கு அங்கேயே முடிஞ்சுபோச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, பஸ்ல எனக்கு டிக்கெட்டே கிடையாது. 2021-ல் சாதாரண கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசப் பயணம் கொடுத்தப்போ, அதையொட்டி மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வர்ற ஒரு துணையாளுக்கும் கொடுத்தாங்க. கட்டணத்தை எடுத்துட்டாங்க. படிக்கட்டு அப்படியே இருக்கு.

ஏன் இவ்வளவு கஷ்டம்? எல்லாம் உயரம்தான். வழக்கமான பஸ்ஸோட தளம் தரையில இருந்து சுமார் 900 மில்லிமீட்டர், அதாவது மூணு அடி. "ஒரு சாய்தளம் மாட்டிட்டா போச்சு"ன்னு நிறைய பேர் கேட்பாங்க. வீல்சேருக்கான சாய்தளத்துக்குப் பொதுவான அளவு 1-க்கு 12. ஒரு அடி ஏற, பன்னிரண்டு அடி நீளம் வேணும். மூணு அடிக்கு 36 அடி. கிட்டத்தட்ட ஒரு முழு பஸ் நீளம்!

தாழ்தள பஸ்ல தளம் 400 மில்லிமீட்டர்தான். ஸ்டாப்புல நின்னதும் சஸ்பென்ஷன்ல இருக்கிற காத்தைக் குறைச்சு, வண்டி வாசல் பக்கமா இன்னும் கொஞ்சம் சாயும். நடைமேடையும் சரியான உயரத்துல இருந்தா, மிச்சம் இருக்கிற சின்ன இடைவெளிக்கு வாசல்ல மடிச்சு வச்சிருக்கிற பலகையை விரிச்சாப் போதும். நான் யார் தயவும் இல்லாம உருட்டிக்கிட்டு உள்ள போயிடலாம்.

இந்த பஸ்கள் சும்மா வந்துடல. செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயகுமார் சென்னை உயர் நீதிமன்றத்துல வழக்கு நடத்தினாங்க. ரோடு சரியில்ல, விலை அதிகம்னு அரசுத் தரப்பு சொல்லிச்சு. அதெல்லாம் தாண்டி, 2024 ஆகஸ்ட்ல சென்னையில புதுத் தாழ்தள பஸ்கள் ஓட ஆரம்பிச்சுது. அந்த ஆர்டர்ல மொத்தம் 552 பஸ். சென்னைக்கு 352, கோவைக்கு 100, மதுரைக்கு 100. கூட்டிப் பாருங்க, கணக்கு முடிஞ்சிடும். திருச்சிக்கு அதுல ஒண்ணுகூட இல்ல.

சட்டம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 41. எல்லாப் போக்குவரத்தும் எங்களுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னு சொல்லுது. ஆனா பழைய வண்டிகளை மாத்துற இடத்துல, "தொழில்நுட்ப ரீதியா சாத்தியம்னா, செலவு கட்டுப்படியாகும்னா"ன்னு நிபந்தனை வருது. அந்த 'னா'வுலதான் நான் மாட்டிக்கிட்டிருக்கேன். பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்குல, 2024 நவம்பர் 8 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்துச்சு. அணுகல்வசதி விதிகள் வெறும் பரிந்துரையா இருக்கக் கூடாது, கட்டாய விதிகளை மூணு மாசத்துல கொண்டுவாங்கன்னு மத்திய அரசுக்கு உத்தரவு.

"உங்கள மாதிரி எத்தனை பேர் பஸ்ல வர்றாங்க?"ன்னு சிலர் கேட்பாங்க. ஏற முடியாத பஸ்ல எப்படிங்க எங்களைப் பார்ப்பீங்க? அதோட, தாழ்தளம் எங்களுக்கு மட்டும் இல்ல. முட்டி வலியோட ஏறுற உங்க பாட்டி, மாசமா இருக்கிற அக்கா, மூட்டையோட காந்தி மார்க்கெட்ல இருந்து வர்ற அம்மா, எல்லாருக்கும்தான்.

2025 மே மாசம் பஞ்சப்பூர்ல பெரிய பேருந்து முனையம் திறந்தாங்க. சந்தோஷம். ஆனா முனையத்துல எத்தனை லிஃப்ட் வச்சாலும், கைலாசபுரத்துல பஸ் ஏற முடிஞ்சாத்தானே நான் அங்க போய்ச் சேருவேன்?

உங்ககிட்ட ரெண்டே விஷயம் கேட்கிறேன். பஸ் ஸ்டாப் முன்னாடி பைக்கை நிறுத்தாதீங்க. பஸ் ஓரமா ஒட்டி நிக்கலைன்னா, தாழ்தள பஸ் வந்தாலும் அந்தப் பலகை நடைமேடையைத் தொடாது. அப்புறம், நம்ம ஊருக்குப் புது பஸ் வருதுன்னு நியூஸ் பார்த்தா, எத்தனைன்னு மட்டும் கேட்காதீங்க. தளம் எவ்வளவு உயரம்னும் கேளுங்க.

உங்க ஊர் பஸ்ல எப்படி இருக்குன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.