தாய்மாமன் உறவும் தலசீமியாவும்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வாழும் வீதி ஒன்றில், ஒட்டிய சுவர்களைக் கொண்ட இரண்டு வீட்டாருக்கு விவாக விஷயத்தில் இருவேறு சட்டங்கள் இருக்கக்கூடும் என்பது வெளியூரார்க்கு வியப்பாகத் தோன்றும். 1881-ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணைப்படி குலாசார முறைகளைத் துறந்து, வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாப்போர்த்’ ஆனதுபோலப் புதிய குடும்பப் பெயரும் பூண்டுகொண்ட ‘ரெனோன்சான்’களின் சந்ததியாரை இந்து திருமணச் சட்டம் கட்டுப்படுத்தாது, அவர்களுக்குரிய பிரெஞ்சுச் சிவில் சட்டமோ, விசேஷ அனுமதி பெற்றாலன்றித் தாய்மாமன் அக்காள் மகளை மணக்கலாகாது என்று விதிக்கிறது. அடுத்த வீட்டு இந்துவுக்குரிய 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே உறவைத் தடுக்கப்பட்ட உறவுகளின் வரிசையில் வைத்துவிட்டு, வழக்காறு இடங்கொடுத்தால் தடையில்லை என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் என்ற முறைக்கும் நாம் நுழைந்து வந்தது அக்கதவின் வழியேதான்.

பிரெஞ்சுச் சட்டம் எழுதப்பட்டது 1804-இல். பாரம்பரியத்தின் கணக்கை மெண்டல் என்னும் பாதிரியார் பட்டாணிச் செடிகளில் கண்டு அறிஞர் சபையில் வாசித்ததோ 1865-இல். ஆகவே அந்தச் சட்டத்தை வகுத்தவர்கள் ஒழுக்கத்தை எண்ணித் தடுத்தார்களேயன்றி, நோயை எண்ணித் தடுத்தார்கள் இல்லை. நம் முன்னோரும் சொத்தும் பாசமும் சிதறாதிருக்க உறவைத் தேடினார்களேயன்றி, வியாதியைத் தேடினார்கள் இல்லை. இருதரத்தாரும் அறியாத ஒரு செய்தியை இன்று நாம் அறிந்திருக்கிறோம் என்பதே வேற்றுமை.

தலசீமியா என்னும் இரத்த நோயை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் நூற்றுக்கு மூவர் நால்வர் இதற்குரிய மரபணுக் குறையை ஒற்றையாகச் சுமக்கிறார்கள். தேகத்தில் யாதொரு துன்பமும் இன்றி வாழ்ந்தும் விடுகிறார்கள். தாய் தந்தை இருவருமே சுமப்பவராயின், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு உண்டு. ‘மூத்த பிள்ளைக்கு வந்தாயிற்று, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை’ என்று எண்ணுகிறவர் பலர். அது பிழை, ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகவே குலுக்கப்படுகிறது. தாய்மாமனும் மருமகளும் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கையும், மாமன் அத்தை மக்கள் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டவர்கள் ஆதலால், ஒரே பாட்டனின் குறை இருவரிடமும் வந்து சேர்ந்திருக்க அங்கே இடம் அதிகம்.

இந்நோயுற்ற குழந்தை பிறக்கும்போது கொழுகொழுவென்றே இருக்கும். ஆறு மாதத்துக்குப் பின்னரே வெளிறத் தொடங்கும். கண்ணேறு என்றும், மருமகளின் பால் சரியில்லை என்றும் வீட்டில் பேச்சு எழுவதும் அப்போதுதான். உண்மையான காரணமோ, நம் உயிரணு ஒவ்வொன்றிலும் நிகழும் ஒரு நூதனமான ஒழுங்குமுறையில் இருக்கிறது. பஞ்சாங்கம் எல்லா வீட்டிலும் ஒன்றே ஆயினும், மனை கோலுகிறவன் வாஸ்து நாளையும் பெண் வைத்திருப்பவன் முகூர்த்த நாளையும் மட்டும் புரட்டிப் பார்ப்பதுபோல, சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. எல்லா உயிரணுக்களிலும் ஒன்றாகவே இருந்தும், தோலின் அணு தனக்குரிய ஏட்டையும் ஈரலின் அணு தனக்குரிய ஏட்டையும் மட்டுமே வாசிக்கின்றன. எதை எப்போது வாசிப்பது, எதை மூடிவைப்பது என்று தீர்மானிக்கும் புரதங்கள் தனியே உள்ளன. கருவில் இருக்கும் குழந்தை ‘காமா’ என்னும் மரபணுவைக் கொண்டு தன் ஹீமோகுளோபினைச் செய்துகொள்கிறது. ஜனனத்தை ஒட்டி பி.சி.எல்.11ஏ என்ற புரதம் அந்த ஏட்டைச் சிறுகச் சிறுக மூட, ‘பீட்டா’ மரபணு பொறுப்பை ஏற்கிறது. பீட்டாவில் குறையுள்ள குழந்தைக்கு, காமா உழைக்கும்வரை குறை தெரிவதில்லை; அது ஓய்ந்த பின்னரே வீட்டின் வறுமை வெளிப்படுகிறது. மூடிய அந்த ஏட்டை மறுபடி திறந்துவிடும் மரபணுத் திருத்தச் சிகிச்சையைப் பிரிட்டன் 2023 நவம்பரில் அங்கீகரித்தது. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர் என்பதால், நமக்கு அது இன்னும் செய்தியளவில்தான் இருக்கிறது.

குறை எங்கிருந்து வந்தது? உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் எழுத்துகள் அனைத்தும் படியெடுக்கப்படுகின்றன; எழுதுகிறவன் எத்துணை கவனமுடையவனாயினும் எங்கோ கைதவறுவான். வெயிலின் புற ஊதாக் கதிரும் புகையிலைப் புகையும் அத்தவறுகளைப் பெருக்கும். இந்தியரிடம் மிகுதியாகக் காணப்படும் தலசீமியாத் திடீர்மாற்றம், பீட்டா மரபணுவில் வெட்டி ஒட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் குறியின் அருகே ஓர் எழுத்து மாறியதனால் வந்தது. ஒரே ஓர் எழுத்து! பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றங்கள் ஏறத்தாழ அறுபதைக் கொண்டுவருகிறது, பெரும்பாலானவை தீங்கற்றவை. அவற்றுள் பெரும்பங்கு தந்தையின் விந்தணு வழி வருவன என்பதையும், தந்தையின் வயதோடு அவை பெருகும் என்பதையும், மருமகளைக் குறைசொல்லும் மாமியார்மார் கொஞ்சம் கேட்டுவைத்தால் நன்று.

உறவை விலக்கிவிட்டால் மட்டும் பயம் தீர்ந்தது என்றும் எண்ணற்க. நூற்றாண்டுகளாக ஒரே ஜாதிக்குள் மணந்துவந்த சமூகங்களில், உறவே இல்லாத இருவரும் ஒரே குறையைச் சுமக்கலாம். வைசிய சமூகத்தாருள் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையில் தரப்படும் ஒருவகைத் தசைத்தளர்ச்சி மருந்தின் வேகம் நெடுநேரம் தணியாதிருப்பது இவ்வகைப்பட்டதே. ஆகவே முறைப்பெண்ணை மணப்பது குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. பத்துப் பொருத்தம் பார்க்கச் செலவிடும் நேரத்தில் பாதியை இரத்தத்துக்கும் கொடுங்கள் என்கிறேன். முழு இரத்த எண்ணிக்கையும், ஹெச்.பி.எல்.சி. என்னும் ஹீமோகுளோபின் பரிசோதனையும் போதும். ஹீமோகுளோபின் ஏ2 நூற்றுக்கு மூன்றரைக்கு மேல் சென்றால், பெரும்பாலும் சுமப்பவர் என்று பொருள். கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே இது செய்யத்தக்கது. சுமப்பவரின் சோகையை இரும்புச்சத்துக் குறைவென்று கருதி, வருஷக்கணக்காக டானிக் கொடுப்பது வீண், கேடாகவும் முடியலாம்.

தாய் தந்தை இருவரும் சுமப்பவரெனில் கருவையும் பரிசோதிக்கலாம்; அத்தகைய பரிசோதனையை முறைப்படுத்தும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஹீமோகுளோபின் நோய்களுக்கு அனுமதி தந்திருக்கிறது. ஆனால் கர்ப்பிணிக்குப் புரியும் மொழியில் பின்விளைவுகளை விளக்கி, எழுத்துமூலம் சம்மதம் பெற்று, அதன் பிரதியை அவள் கையில் கொடுக்கவும் வேண்டும். தமிழில் கேட்டு வாங்குங்கள். சிசுவின் பாலினத்தை வெளியிடுவது குற்றம். கர்ப்பத்தைக் கலைப்பதற்கும் வயதுவந்த பெண்ணின் சம்மதமே வேண்டும். கணவனின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

நோய் வந்துவிட்ட குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் மூன்றையும் ஊனப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்றால் அரசு உயர்கல்வி நிலையங்களின் 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கோரலாம். சான்று மறுக்கப்பட்டால் மேல்முறையீடும், பாகுபாடு நேர்ந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் முறையீடும் செய்யலாம். மருத்துவக் காப்பீட்டில் ‘மரபணு நோய்’ என்ற ஒரு சொல்லைக் காட்டிப் பணம் மறுக்கும் வழக்கத்தை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கண்டித்ததும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அவ்விலக்கைச் சேர்க்கலாகாதென்று நிறுவனங்களுக்குத் தெரிவித்தது. மறுப்புக் கடிதம் வந்தால் அதைக் கிழித்தெறியாமல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கொண்டுசெல்லுங்கள்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. அரசு வேலைக்கு அதே 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த 4 சதவீத ஒதுக்கீட்டில் இரத்த நோய்கள் இல்லை. மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொண்டு, படிப்பில் இடமும் பெற்று, பட்டத்தோடு வெளியே வரும் இளைஞன், வேலை கேட்டு நிற்கும் வரிசையில் ஊனமற்றவனாகிவிடுகிறான்.