ஜாமீன் கிடைச்சாச்சு… அப்புறம்? கோவில்பட்டி கோர்ட் வளாகத்தில் ஒரு சுற்று!

"ஜாமீன் கிடைச்சிருச்சு!" இந்தச் சொல் கோர்ட் வராண்டாவில் கேட்டதும் காத்திருக்கும் முகங்கள் மலர்வதைப் பார்க்க வேண்டுமே! ஆனால் பரபரப்பே அதற்குப் பிறகுதான். வாங்க, உத்தரவுத் தாளின் பின்னாலேயே ஓடுவோம்!

முதல் ஓட்டம் ஜாமீன்தாரரைத் தேடி. பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும். இருவருடைய போட்டோவும் இடது பெருவிரல் ரேகையும் பிணைப் பத்திரத்தில் ஏறும். கூடவே ஆதார் அல்லது பேங்க் பாஸ்புக் நகல். மாஜிஸ்திரேட் திருப்தி அடைந்தால்தான் விடுதலை உத்தரவு சிறைக்குப் புறப்படும். ஜாமீன் கொடுத்தது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையாக இருந்தாலும், பத்திரம் எழுதுவது பெரும்பாலும் உள்ளூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான்.

அடுத்தது 'கண்டிஷன்'. மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து! தீப்பெட்டி ஆபீசில் கூலிக்குப் போகிறவருக்கு அந்த 10.30 அன்றைய சம்பளத்தையே தின்றுவிடும். வெளியூரில் தங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னால், ஐப்பசி மழையை நம்பியிருக்கும் கரிசல் காட்டில் உளுந்து விதைப்பது யார்?

இதோ, எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம்: நிபந்தனை தளர்வு மனு! மாஜிஸ்திரேட் விதித்த நிபந்தனையை மாற்றவோ நீக்கவோ செஷன்ஸ் கோர்ட்டுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 483-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. தினசரிக் கையெழுத்து வாரம் ஒரு நாள் ஆகலாம், முழுக்கவே நீங்கலாம். பிணைத் தொகை அதிகமா? குறைக்க 484 இருக்கிறது. சாட்சியை மிரட்டினாலோ, 483-ஐ வைத்தே ஜாமீனை ரத்து செய்துவிடலாம்!

காவலையும் ஜாமீனையும் இப்படி மறுபடி மறுபடி பார்ப்பதன் அருமையைக் கோவில்பட்டி வலியோடு அறியும். 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீசாரால் கைதான தந்தையும் மகனும் ரிமாண்டில் கொண்டுவரப்பட்டது இங்குள்ள கிளைச் சிறைக்குத்தான். இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த வழக்கில் கைதான போலீசாரின் ஜாமீன் மனுக்களை மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் கண்ணைத் திறந்து பார்ப்பதுதான் நீதி.

உச்ச நீதிமன்றமும் இதில் சளைக்கவில்லை! 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய் பிணை கேட்டு, வேறு மாவட்டத்து ஜாமீன்தாரரையும் மாஜிஸ்திரேட் மறுத்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் அவரை 1,000 ரூபாய் சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். 2023 ஜனவரி 31 உத்தரவு இன்னும் அருமை: ஜாமீன் உத்தரவு அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் போக வேண்டும். ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறை அதிகாரி தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கட்ட முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். 2024 ஜூலையில், இருக்கும் இடத்தைக் கூகுள் மேப்பில் போலீசுக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டது!

ஆகவே மக்களே, கண்டிஷன் கல்லில் எழுதியதல்ல. ஜாமீன் கிடைத்தும் உறவினர் உள்ளேயே இருக்கிறாரா, கையெழுத்து பிழைப்பைக் கெடுக்கிறதா? 15100-க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை!